ஒரு சக்கரத்துக்கு ஒரு திங்கள்



அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த வேண்டிய நேரத்தில் ஔவையார் உவமைக்காக வாளையோ வேலையோ நாடவில்லை. ஒரு தச்சனை அழைத்து வந்து நிறுத்தினார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றி ஒரே ஒரு தேர்க்காலைச் செய்தால் அது எத்தகையதாக இருக்கும்? அத்தகையவன் எங்கள் தலைவன் என்பது புறநானூற்றின் 87-ஆம் பாட்டு. போர்க்களப் பாட்டுத்தான், ஆயினும் உவமைக்குள் குருதி இல்லை. மரமும் கையும் பொழுதுமே இருக்கின்றன. எட்டுத் தேர் செய்யும் வேகம் உடையவன், இயலாமையால் அன்று, விருப்பத்தால் ஒரு காலுக்கு ஒரு திங்களைக் கொடுக்கிறான் என்பதே அப்பாட்டின் உயிர்நிலை.

திருவள்ளூர் வட்டாரத்தில் இருந்து இப்பாட்டைப் படிப்பவர்க்கு அதன் ஒரு பாதி மிக எளிதாக விளங்கும். இது தேர் செய்யும் நாடு. எண்ணூரில் 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டிக் கொடுத்தவை ஆஸ்டின் ஏ-40 கார்களே. லேலண்டு கூட்டும், பேருந்தும் லாரியும் பின்னர் வந்தவை. அதனை நிறுவிய ரகுநந்தன் சரண் அதற்குத் தம் மகன் அசோக்கின் பெயரை இட்டார். பேருந்தின் நெற்றியில் நாள்தோறும் அப்பெயரைப் படிப்பவர்களுள், அது ஒரு தந்தை தம் பிள்ளையை நினைந்து இட்ட பெயர் என அறிந்தவர் எத்தனை பேர்? திருவள்ளூரை அடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கியது. லான்சர் நின்று போயிற்று; அதே வளாகத்திலிருந்து 2021-இல் சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. ஔவையாரின் தச்சன் ஒரு நாளில் செய்யும் எட்டுத் தேரை இன்றைய பெரிய ஆலை ஒரு தேநீர் இடைவேளைக்குள் முடித்துவிடும்.

வடக்கே கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் உள்ள உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாகப் போகிறது. உடைந்த கட்டில், தேய்ந்த ஏர்க்கொழு, கப்பல் தகடு, கார் உடல் எல்லாம் ஒரே உலையில் இறங்கி, ஏறத்தாழ 1,500 பாகை வெப்பத்தில் உருகிக் கட்டடக் கம்பியாக வெளிவருகின்றன. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. மண்ணைக் கிளறிப் புது இரும்பு எடுப்பதைவிடப் பழையதை உருக்குவது நன்று. ஆனால் செய்யும் வேகமும் உருக்கும் வேகமும் அருகருகே இருக்கும் ஒரு நாட்டில், இரண்டுக்கும் இடையே இருந்த ஒன்று கண்ணில் படாமல் போகிறது. பழுது பார்க்கும் பொழுதே அது; தேர்க்கால் ஒன்றுக்குத் தச்சன் கொடுத்த திங்கள்.

அப்பொழுது இன்னும் எங்கே உயிரோடு இருக்கிறது என்று காண, கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளலாம். தந்தை உருட்டாலையில் முறைப்பணி செய்பவர். மகள் மேல்நிலை முதலாண்டு, பதினாறு வயது. வேப்பமரத்தடியில், பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. கோழி அடைகாக்கும் இடம் அது. எடைக்கு எடுத்துக்கொள்ளும் வணிகர் இரண்டு முறை வந்து போய்விட்டார். ஏறத்தாழ 800 கிலோ இரும்பு. உலை பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கொடுத்துவிடுவதே அறிவு என்று அண்டை வீட்டார் எல்லாரும் சொல்லியாயிற்று.

ஹெரால்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது சென்னையின் சொந்தக் கார். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என வெளிவந்ததை, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கே செய்தது. வண்டலூரில் அதன் ஆலை இருந்தது. பின்னர் அதன் வழித்தோன்றலாகக் கெசல் வந்தது. எண்பதுகளின் இறுதியில் ஆலையே மூடப்பட்டது. வடிவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். பெரும்பாலான கார்களில் பானெட் பின்பக்கம் கீல் வைத்து மூடி போல் திறக்கும். ஹெரால்டில் முன்பாதி முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து விடும். எஞ்சின் வெட்டவெளியில் நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒரு சக்கரத்தில் தந்தை, மறுசக்கரத்தில் மகள். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவதற்கென்றே யாரோ வரைந்தது போல் இருக்கும்.

நெடுநாள் நின்ற வண்டியை உடனே சாவி போட்டுத் திருகக் கூடாது. உள்ளே பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்துச் சிலிண்டர்ச் சுவரைப் பற்றியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. பதினாறு வயதுக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை, நாற்பத்தைந்துக்கும் எளிதன்று. தொட்டியில் இருந்த பெட்ரோல் பிசினாகியிருக்கும். கார்புரேட்டரின் ஜெட் துளைகள் அடைந்திருக்கும். வயரை எலி தின்றிருக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றியே ஆக வேண்டும், இன்றைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் அவற்றை அரிக்கும் என்பதால். பாயிண்ட்டை எமரித்தாள் கொண்டு தேய்த்து, இடைவெளியைத் தகடு வைத்து அளக்க வேண்டும். கிடைக்காத உறுப்புக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே கடைதோறும் கார்கள் உறுப்பு உறுப்பாகத் தொங்குவதைக் காணும் மகளுக்குத் தன் வீட்டு வண்டி மீது ஒரு பரிவு வராமல் இராது.

இவ்வேலையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தந்தைக்கு இரும்பு தெரியும்; இந்தக் கார் தெரியாது. ஆலையில் அவர் காண்பது சிவந்து ஓடும் கம்பி. அதன் முன்னும் பின்னும் வேறு யாரோ ஒருவருடைய வேலை. ஒரு பொருளை முதலிலிருந்து முடிவு வரை கையில் எடுத்தவர் அல்லர் அவர். மகளுக்கு ஆங்கிலக் கையேட்டைப் படிக்கத் தெரியும். திருகு எந்த அளவில் இறுகியது, எந்த அளவில் உடையப் போகிறது என்பது தெரியாது. ஆகவே அவள் படிக்கிறாள், அவர் திருகுகிறார். தவறு நேரும்போது இருவரும் ஒன்றாக விழிக்கிறார்கள். எந்த வீட்டிலும் பிள்ளையின் முன் தந்தை ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் இடம் மிகக் குறைவு. வேப்பமரத்தடி அப்படி ஓர் இடமாகிறது.

எல்லாவற்றையும் தனியொருவர் செய்துவிடலாம். பிரேக்கில் ஏர் எடுக்கும் வேலைக்கு மட்டும் வழக்கமாக இருவர் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் நின்ற வண்டியில் சிலிண்டர்கள் உள்ளேயே துருப்பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து, வாஷர் மாற்றிப் பூட்டிய பின் குழாய்களுக்குள் காற்று நிறைந்திருக்கும். காற்று இருந்தால் மிதி பஞ்சு போல் அமுங்கும், வண்டி நிற்காது. மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதிக்க வேண்டும். தந்தை பின்சக்கரத்தின் அருகே தரையில் கிடந்து, நிப்பிளில் குழாய் செருகி, ஸ்பேனரைப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. குரல் மட்டுமே.

‘அழுத்தும்மா... இன்னொருவாட்டி... புடி.’

‘புடிச்சிருக்கேன்பா.’

நிப்பிள் திறக்கிறது. குமிழியும் கறுத்த எண்ணெயும் வருகின்றன. மிதி தரையைத் தொடுகிறது. நிப்பிள் மூடும் வரை அவள் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

‘வுடு.’

நான்கு சக்கரம், சக்கரத்துக்குப் பத்து முறையோ இருபது முறையோ. தேர்வு மதிப்பெண் பற்றியும், கைப்பேசி பற்றியும், வெளியூர்க் கல்லூரி பற்றியும் அந்த வீட்டில் எழும் வழக்குகளில் எவரும் மற்றவர் சொல் முடியும் வரை பொறுத்ததில்லை. இங்கே பொறுக்காவிட்டால் பிரேக் பிடிக்காது. அவ்வளவே.

இத்தனைக்கும் அவள் அதை ஓட்ட முடியாது. கார் ஓட்டும் உரிமத்துக்குப் பதினெட்டு நிறைய வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிறையாதவர் சாலையில் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர்க்கோ வண்டி உடையவர்க்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்த் தண்டமும் உண்டு. அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமும் கிடைக்காது. சாலையில் உயிர்கள் போகும் நாட்டில் இச்சட்டம் தேவையானதே. ஆக, அவள் செப்பனிடும் வண்டி அவளுக்கு ஊர்தி அன்று. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். தச்சன் செய்து கொடுத்த அச்சிறுதேரில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. கையால் இழுத்தே இன்புறுவர். தோழி அதனைத் தலைவியின் காதலுக்கு உவமையாக்கினாள். வேப்பமரத்தடிக்கும் அது பொருந்தும் என்றால் உரையாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

வயதுக் கணக்கு வண்டிக்கும் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, அதன் பின்னும் உயர்ந்தது. ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாதிருப்பவற்றைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021-இல் நடுவண் அரசு தனி விதி வகுத்தது: கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி, எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள். அவ்வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். நாள்தோறும் காய்கறி வாங்கப் போகலாகாது. வீட்டில் கிடந்த பொருள் இவ்வாறு காட்சிப்பொருள் ஆகிறது. செல்வர்களின் கொட்டகைக்கு இது ஏற்ற விதி. உருட்டாலைத் தொழிலாளி வீட்டுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்க்க வேண்டிய தொகை.

பெற்றோரும் வளரிளம் பிள்ளைகளும் சேர்ந்து காரைச் சீர்செய்வது காரின் பிறப்போடு பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் பிள்ளைகள் ஆய்கென், ரிச்சர்டு இருவரோடும், கணவர் கார்ல் பென்ஸிடம் முன்கூட்டிச் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் புறப்பட்டார். மூத்தவனுக்குப் பதினைந்து, இளையவனுக்குப் பதின்மூன்று. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. எரிபொருள்குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வயரின் உறை போனபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வாங்குவார் இன்றிக் கிடந்த அந்த ஊர்தி அதன் பின்னரே ஊரார் பேச்சில் ஏறியது. கார் வரலாறு எழுதுவோர் அந்த அம்மையாரைப் போற்றுகிறார்கள். மேட்டில் தள்ளிய பிள்ளைகளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

மீட்க முடியாமற் போகும் வண்டிகளும் உண்டு. சுபோத் கோஷின் வங்கச் சிறுகதையை ரித்விக் கட்டக் 1958-இல் ‘அஜாந்திரிக்’ என்னும் படமாக்கினார். தன்னந்தனியனான டாக்சி ஓட்டுநர் பிமல்; அவனுடைய பழைய செவர்லே ‘ஜகத்தல்’. கையிலிருந்ததையெல்லாம் செலவிட்டும் அது பிழைக்கவில்லை. இரும்பு விலைக்குப் போகிறது. முடிவில் ஒரு குழந்தை அந்த வண்டியின் ஊதுகுழலை அழுத்தி விளையாடக் கண்டு பிமல் கண்ணீரூடே சிரிக்கிறான். அவனுக்கு எதிர்ச்சக்கரத்தில் உட்கார ஆள் இல்லை என்பதே அப்படத்தின் பெருந்துயரம் எனலாம்.

மன்றத்துக் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை, பட்டை, அச்சு, கடையாணி எனத் தமிழில் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் உண்டு. அச்சாணியை வள்ளுவர் வரை கொண்டுபோனது அந்த வளம். காருக்கு வந்த சொற்கள் பல ஆங்கிலம். ஆனாலும் பட்டறைக்காரர்கள் அவற்றைத் தமிழ் வினைகளோடு பூட்டிவிட்டார்கள். ‘பட்டி பார்க்கிறது’, ‘ஏர் எடுக்கிறது’, ‘செல்ஃப் எடுக்கவில்லை’, ‘எஞ்சின் இறக்கியாச்சு’ என்பன எல்லா அகராதியிலும் தேடிக் கிடைப்பன அல்ல. மின்சாரக் கார்கள் பெருகும்போது கார்புரேட்டரோடு இச்சொற்களிற் பலவும் போய்விடும். சொன்னவர்கள் பலர்க்கு இப்போதே அறுபது கடந்திருக்கும். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளில் ஞாயிறுதோறும் இருவர் சென்று கேட்டெழுதினால், அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒரு சிறு தொகுப்பேனும் கூடிவிடும். போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என இருவர் வேண்டிய வேலைதான் அதுவும்.