வாடகை வீட்டில் வாழும் நம் அயலார்

(வின்சென்ட் தே பவுல் சபையாரின் ஆண்டுக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. யூபிலி மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



யூபிலி ஆண்டில் பேசுவதற்கு எவ்வளவோ பொருள் இருக்க, வாடகை வீட்டைப் பற்றிப் பேச வந்து நிற்கிறாரே சாமியார் என்று சிலர் வியக்கலாம். கோவில் எழுந்த கதையும், மணி வந்து சேர்ந்த கதையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வரும். அவற்றை எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள், கோவில் வாசலிலிருந்து பத்து நிமிட நடையிலுள்ள ஓரறை, ஈரறை வாடகை வீடுகள். அங்கிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, பூசை முடிந்ததும் தேநீருக்கு நிற்காமல் போய்விடுகிறார்கள். அவர்கள் ஏன் நிற்பதில்லை என்று நாம் பல நாள் எண்ணியதுண்டு.

வாடகைக் கட்டடத்தை அடையாளம் காண முகவரி வேண்டியதில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தால் போதும். கதவுகள் நெருக்கமாக இருக்கும். நடைபாதை நீளமாக, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாத அளவுக்கு ஓடும். ஓரறை வீடு என்பது ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதற்குள்ளே சமையல், குளியல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

சிங்கப்பூரில் இன்று பத்துக் குடும்பங்களில் ஒன்பது சொந்த வீட்டில் வாழ்கின்றன. ஆகையால் வாடகை வீடு என்றாலே ஏதோ விதிவிலக்கு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1927-ல் ஏற்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் முப்பது ஆண்டுக்கு மேலாக உழைத்தும் ஏறக்குறைய 23,000 வீடுகளைத்தான் கட்ட முடிந்தது. 1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. மறு ஆண்டு மே 25-ம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். லிம் கிம் சான் தலைமையிலிருந்த கழகம் அவர்களுக்கு அடுக்குமாடிகளை எழுப்பிய வேகத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்று கட்டிய வீடுகள் எல்லாம் வாடகை வீடுகளே. ஓரறைக்கு மாதம் 20 வெள்ளி. தீயில் பானை சட்டி வரை இழந்தவருக்குக் குழாய்த் தண்ணீரும், மின்விளக்கும், கான்கிரீட் கூரையும் அந்த 20 வெள்ளியில் கிடைத்தன. அதைச் சிறிய காரியம் என்று யாரும் சொல்லக்கூடாது.

1964-ல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1968-ல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கலாம் என்றானது. அதிலிருந்து காற்று திசை மாறியது. வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். 1980-களில் புதிய வாடகை வீடு கட்டுவதையே கழகம் நிறுத்திவிட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, காத்திருப்போர் வரிசை நீண்ட பிறகுதான் மறுபடி கட்டத் தொடங்கியது. இப்போது 60,000-க்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ளன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கழக வீடுகளுக்கு நடுவே இது சிறு பங்கு.

இவ்வீடுகள் நன்றாக ஆளப்படுகின்றனவா? ஆத்திரத்தோடு பதில் சொல்லுகிறவர்களும் உண்டு, அரசாங்கப் பேச்சாளர் போலப் பதில் சொல்லுகிறவர்களும் உண்டு. நாம் வாடகைப் பட்டியலிலிருந்தே தொடங்குவோம்.

குடும்ப வருமானம் மாதம் 800 வெள்ளிக்குள் இருந்து, முன்பு எப்போதும் கழக மானியம் பெறாதவராயிருந்தால், ஓரறைக்கு மாத வாடகை 26 முதல் 33 வெள்ளி. உணவங்காடியில் ஒருவர் ஒரு வாரம் மத்தியானம் சாப்பிடும் காசு. உலகத்தின் பெரிய நகரங்களில் இப்படி ஒரு வாடகை கிடைப்பது அரிது. மின்தூக்கி ஓடுகிறது, குப்பை அகற்றப்படுகிறது, தண்ணீர் வருகிறது. இவ்வளவுக்கும் நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதே பட்டியலின் அடுத்த வரியை இனிப் படியுங்கள். முன்பு ஒருமுறை கழக வீடு வாங்கி, பிறகு விற்றவர் அதே 800 வெள்ளிக்குள் சம்பாதித்தாலும், அதே ஓரறைக்கு 90 முதல் 123 வெள்ளி தரவேண்டும். ஒரு முறை மானியம் அனுபவித்தவருக்கு மறுபடியும் அதே சலுகையா என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கணக்குப்பிள்ளையின் மேசையில் இது சரியான நியாயந்தான். நம் கதவைத் தட்டுகிறவர்களோ வீட்டை விற்று லாபம் பார்த்தவர்கள் அல்லர். கணவன் விட்டுப்போன பெண், வியாபாரம் நொடித்தவர், நோய்க்குச் செலவழித்துக் கடன்பட்டவர். ஏறவே ஏறாதவனைவிட ஏறி விழுந்தவனுக்கு மூன்று பங்கு வாடகை என்றால், விழுந்ததற்கே தண்டம் கட்டுவதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது. அதோடு, வீட்டை விற்றவர் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க 30 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டரை ஆண்டு! பிள்ளைகளோடு ஒரு தாய் இரண்டரை ஆண்டை எங்கே கழிப்பாள்? முதலில் அண்ணன் வீட்டுக் கூடத்தில், பிறகு தோழி வீட்டில், அதன் பிறகு சொல்ல விரும்பாத இடங்களில். இக்கட்டான நிலையில் விதி தளர்த்தப்படுவதும் உண்டு. அதற்குத் தன் கதையை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வருமானப் படிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 800-ஐ ஒரு வெள்ளி தாண்டினாலும் மானியம் பெறாதவரின் வாடகை 33-லிருந்து 90-க்கு மேல் ஏறிவிடும். வாடகை வீடு பெறுவதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு 1,500 வெள்ளி. அதற்குச் சற்று மேலானவர்களையும் தேவை பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் குடும்ப வருமானம் என்பதில் மகனின் சம்பளமும் சேர்கிறது. நம் இளைஞர் மன்றத்தில் ஒரு பையன் இருந்தான். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துத் தேறி வேலைக்குச் சேர்ந்தான். மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய நாளில் அவன் தாய் நம்மிடம் வந்து, "சாமி, இவன் பேரை வீட்டிலிருந்து எடுத்துடலாமா?" என்று கேட்டார். ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது; அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் சம்பாதிப்பது தாய்க்குப் பயமாக இருந்தது. நாம் அவருக்கு என்ன பதில் சொன்னோம் என்பது நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது.

கழகத்தார் இதை அறியாதவர்கள் அல்லர். வாடகை வீடு நிலையான இடமாகிவிடக்கூடாது, குடும்பம் மேலே போகவேண்டும், அடுத்து வருகிறவருக்கு இடம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2016-ல் வந்த புதிய தொடக்க வீட்டுத் திட்டம், வாடகை வீட்டில் சிறு பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் குறுகிய குத்தகையில் மறுபடி ஈரறை வீடு வாங்க 35,000 வெள்ளி மானியத்தோடு தொடங்கியது. எண்ணம் நல்லது. ஆனால் ஏணியின் முதல் படியிலேயே வழுக்கினால், மேலே எத்தனை படி வைத்து என்ன பயன்? சம்பளம் கூடும்போது வாடகை மெல்ல மெல்ல ஏறும்படி அமைக்கலாம். இரண்டு வருடச் சம்பள உயர்வைக் குடும்பம் சேர்த்துவைக்கக் காலம் கொடுக்கலாம். இது பொருளாதாரம் படித்தவர்கள்தான் செய்யவேண்டிய சீர்திருத்தம் என்றில்லை.

இனி, நம் மனத்தை மிகவும் வாட்டும் ஒன்றுக்கு வருவோம். மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர் ஆகிய தனியாட்கள் 35 வயதானால் இன்னொரு தனியாளோடு சேர்ந்து ஓரறை வீடு பெறலாம். இதற்குத் தனியாட்கள் கூட்டுத் திட்டம் என்று பெயர். முன்பின் அறியாத இரண்டு கிழவர்கள், ஓர் அறை, ஒரு கழிப்பறை. யோசித்துப் பாருங்கள். நம்மில் குருமடத்தில் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும். அங்கேயும் அறைத்தோழனின் குறட்டை ஒரு தவமுயற்சிதான். ஆனால் குருமடத்தில் ஆண்டுக்கொருமுறை அறை மாறும்.

நாங்கள் சந்திக்கச் செல்லும் வீடொன்றில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் தமிழர், நம் பங்கைச் சேர்ந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர் சீனர். இவருக்கு இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைக்கவேண்டும். அவருக்குப் பன்னிரண்டு வரை வானொலி வேண்டும். அறையின் நடுவே ஓர் அலமாரியைத் திருப்பிவைத்து எல்லை வகுத்திருந்தார்கள். அரிசிப் பானை இரண்டு, அடுப்பு இரண்டு, துடைப்பங்கூட இரண்டு. ஆறு ஆண்டுகளில் அவர்கள் பேசிக்கொண்ட சொற்களை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பிறகு நம்மவர் பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அவருக்குக் கஞ்சி ஊட்டியவர் அந்தச் சீனப் பெரியவர். நாங்கள் நற்கருணை கொண்டுபோகும்போது வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பார். நம்மவர் இறந்தபின் துக்கம் விசாரிக்கச் சென்றோம். மாலா பச்சாய்களாக மலாயில் சில வார்த்தை பேசினார், பாதி புரிந்தது. அலமாரி அதே இடத்தில் இருந்தது. இனி அவருக்கு இன்னொரு துணைக் குடியாளர் வேண்டும், விதி அப்படி. எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடி ஒரு அந்நியர்.

இதிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. சில வீடுகளில் நடுவே தடுப்பு வைக்கிறார்கள். 2021 இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், துணையைத் தேடிக்கொண்டு வராமல் தனியாகவே விண்ணப்பிக்கலாம். சமூக சேவை அமைப்பொன்று இருவரின் பழக்கவழக்கங்களைப் பார்த்து இணைக்கிறது, பிணக்கு வந்தால் நடுவே நின்று தீர்க்கிறது. 2023-ல் தனித் தனி அறையும், பொதுவான சமையலறை, குளியலறையும் கொண்ட இடங்களுக்கு முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதுமையில் ஒரு மனிதனுக்குப் பூட்டிக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள இவ்வளவு காலம் ஆயிற்றே என்று வருத்தப்படுவதா, ஏற்றுக்கொண்டார்களே என்று மகிழ்வதா?

இன்னொரு குறை, வாசல்கள் அதிகம். வாடகைக்குக் கழகக் கிளை. நடைபாதை விளக்குக்கு நகர மன்றம். பண உதவிக்கு 2013 முதல் வந்த சமூக சேவை அலுவலகம். குடும்பச் சிக்கலுக்குக் குடும்ப சேவை நிலையம். எதுவும் நடக்காவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினரின் வாராந்தரச் சந்திப்பு. ஒவ்வொரு வாசலிலும் சம்பளச் சீட்டும், மணமுறிவுப் பத்திரமும், கண்ணீரும் முதலிலிருந்து. மூன்று பிள்ளைகளின் தாயொருவர் ஒரே மாதத்தில் நான்கு பேரிடம் தன் கணவர் ஏன் வீட்டில் இல்லை என்று விளக்கியதாக நம்மிடம் சொன்னார். 2019-ல் தொடங்கிய சமூக இணைப்புத் திட்டமும் 2023-ல் அது விரிவானதும் இதை மனத்தில் கொண்டுதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி. அந்த வழிகாட்டி அடிக்கடி மாறாமலிருந்தால் நல்லது.

அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம்மைப் பற்றியும் ஒன்று. உட்லண்ட்ஸ் வட்டாரத்து மார்சிலிங்கில் விற்பனை வீடுகளையும் வாடகை வீடுகளையும் ஒரே கட்டடத்தில் கலந்து கட்டுவது என்று கழகம் முடிவு செய்தது. சட்டத்தால் கதவுகளை அருகருகே வைக்கலாம். கதவைத் தட்டுவது யார்? 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, ஓரறையில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசியில் பாடம் நடந்தது. நம் பங்கில் உபயோகமில்லாமல் கிடந்த மடிக்கணினிகள் எத்தனை என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டோம், கொடுத்தீர்கள், மனநிறைவே. ஆனால் அதற்கு ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது. ஞாயிறு தேநீருக்கு அவர்கள் ஏன் நிற்பதில்லை என்று ஒருவரிடம் ஒருநாள் கேட்டே விட்டோம். "எல்லாரும் எந்த புளோக்குன்னு கேக்குறாங்க சாமி" என்றார்.

ஆகவே ஒரு விண்ணப்பம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் கடிதங்களும், வருமானப் படிவங்களும் ஆங்கிலத்தில் வருகின்றன. வாசித்து விளங்கிக்கொள்ள முடியாமல் நாள் தப்பிப்போனவர்கள் உண்டு. மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் மாலை மூன்று முதல் ஐந்து வரை, சபையார் அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு அமரப்போகிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் வேண்டும். அலுவலக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களானால் மிகவும் நல்லது. மலாயும் ஹொக்கியனும் பேசுகிறவர் ஒருவராவது வேண்டும். அந்த வீட்டின் சீனப் பெரியவருக்கும் அடுத்த மாதம் ஒரு கடிதம் வரவிருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் பூசைக்குப் பின் சக்கரீஸ்துவில் நம்மைப் பார்க்கலாம்.