அயலை அடக்கும் செடி



ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் செடிகளும் ஒன்றோடொன்று பொருதுகின்றன என்றால், உங்களிற் சிலர் வியப்படையலாம். நீருக்கும் வெயிலுக்கும் அவை போட்டியிடுவதை யாவரும் அறிவோம். ஆனால், தம் உடலில் உண்டாகும் இரசாயனப் பொருளை மண்ணிற் கலந்து, அயலிலே பிற செடிகள் தழைக்காதவாறு தடுக்கும் செடிகளும் உள. ஹான்ஸ் மோலிஷ் என்னும் ஒஸ்திரியத் தாவரவியலறிஞர், செடிகள் ஒன்றையொன்று இவ்வாறு இரசாயனத்தாற் பாதிக்கும் இயல்புக்கு 1937ஆம் ஆண்டில் ‘அலலோபதி’ என்று பெயரிட்டார்.

இதனைக் காண வன்னி மக்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கரட் இலைபோற் பிளவுபட்ட இலையும், சிறிய வெண்பூக்களும் உடைய பார்த்தீனியத்தைத் தெருவோரங்களிற் கண்டிருப்பீர்கள். வெப்பமண்டல அமெரிக்காவிற் பிறந்த இக்களை, 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புனே நகரிற் கண்டறியப்பட்டது. இலங்கையில் 1999ஆம் ஆண்டு வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் இங்கு வந்த இந்தியப் படையினரோடு இது வந்திருக்கலாம் என்பது பலரது கருத்து. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர, காணிகள் உழவின்றிக் கிடந்தன. அத்தகைய வெற்று நிலமே இக்களைக்கு வாய்ப்பான இடம்.

இதன் இலையிலும் பூவிலும் ‘பார்த்தெனின்’ என்னும் கசப்புப் பொருள் உண்டு. மழைநீர் செடியைக் கழுவும்போதும், உதிர்ந்த இலை உக்கும்போதும் அது மண்ணைச் சேர்கிறது. பயிர்வித்தின் முளைப்பையும் இளவேரின் வளர்ச்சியையும் குன்றச் செய்கிறது. இதன் மகரந்தம் தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியவற்றின் பூக்களிற் படிந்தால் காய்பிடிப்புக் குறையும் என்பதைப் பெங்களூரில் நடந்த ஆய்வுகள் காட்டின.

எனினும், பழி முழுவதையும் நஞ்சின்மேற் சுமத்துதல் தகாது. ஆய்வுகூடத்திற் காணும் விளைவு வயலில் அதே அளவில் நிகழ்வதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பார்த்தெனினைச் சிதைத்துவிடுகின்றன. நஞ்சு சில காலத்தில் மறையும்; வித்தோ மண்ணிற் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட வித்துக்களை ஈனவல்லது. முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூக்கவும் தொடங்கிவிடும்.

ஆகவே, கமக்காரர் கருத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றே: பூக்குமுன் பிடுங்குதல். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வெறுங்கையாற் தொடாதீர்கள். பலருக்கு இது தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும். சிறுவர்களை இவ்வேலைக்கு விடுதல் கூடாது.

ஒருவர் தம் காணியைத் துப்புரவாக்கி, பக்கத்துக் காணிக்காரர் வாளாவிருந்தாற் பயனில்லை. காற்றும் வெள்ளமும் வண்டிச் சில்லும் வித்தைத் திரும்பக் கொணரும். வேலிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ளோர் ஒரே நாளில் கூடிப் பிடுங்குவார்களாயின், அயலை அடக்கும் இச்செடியை அயலார் ஒற்றுமை அடக்கிவிடும்.