மெய்க்கடன் எது?



நொடிப்புச் சட்டம் பற்றிப் பேச மாமல்லபுரம் பொருத்தமான ஊர். இவ்வூர் இருக்கும் செங்கல்பட்டுச் சீமையே கடன்பட்டவர் ஒருவர் கையிலிருந்து மாறிய மண். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, தமக்குக் கிழக்கிந்தியக் கும்பெனி செய்த போர் உதவிக்கு ஈடாக அதை ஜாகிராக எழுதிக் கொடுத்தார். அதோடு அவர் கடன் தீரவில்லை. கும்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். ஈடாக, கர்நாடகச் சீமையின் நிலவரியை வசூலிக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். அவர்களில் பேர்போனவர் பால் பென்ஃபீல்டு. வட்டியைச் சுமந்தவன் நெல் விளைவித்த குடியானவன்.

இந்தக் கடன்களை விசாரிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1784ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கும்பெனியை மேற்பார்த்த, ஹென்றி டண்டாஸ் இருந்த கட்டுப்பாட்டு வாரியமோ விசாரிக்காமலே அவற்றை ஏற்றுக்கொண்டது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து அந்த நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசினார்; தோற்றார். பின்னாளில் வந்த உரிமைகோரல்களை ஆராய 1805இல் ஆணையம் அமைத்தார்கள். அது பல ஆண்டுகள் உட்கார்ந்து பத்திரங்களைப் புரட்டியது. பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று.

என் தொழிலில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. நொடிப்பு வழக்கில் வாதத் திறமை இரண்டாம் பட்சம். எந்தக் கடன் மெய், அது மேசைக்கு வந்து சேர்ந்ததா என்பதே முதல் கேள்வி. 1906 அக்டோபரில் சென்னையில் வங்கித் தொழில் செய்த அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் போட்டிருந்தவர்கள் கலங்கி நின்றார்கள். கடன் கொடுத்தோர் பக்கம் நின்று உழைத்தவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறக்க முன்நின்றவரும் அவரே.

நவாப் காலத்தில் பொய்க்கடன் வாசல் வழியே உள்ளே வந்தது. இன்று மெய்க்கடன் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரைச் சிற்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். தங்கும் விடுதி ஒன்றுக்குச் சிலைகள் செய்து கொடுத்திருந்தார். கையில் சலான் புத்தகம், கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன. விடுதி நடத்திய கம்பெனியோ திவால் நடவடிக்கைக்குள் போய், தீர்வுத் திட்டமும் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஒப்புதல் பெற்றுவிட்டது. அவர் உரிமைகோரல் படிவம் தரவே இல்லை. அதைக் கேட்கும் அறிவிப்பு ஆங்கிலப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் வந்திருந்தது. சிற்பக்கூடத்தில் உளி பிடித்திருந்தவர் கண்ணில் அது படவில்லை. திட்டத்தில் சேராத கடன் அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் கனஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு நான் என்ன சொல்வது? சலானை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவரே முந்திக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க முடியுமா? 2020 மார்ச்சில் அங்கே மனுப்போடத் தேவையான குறைந்தபட்சக் கடன் தொகை 1 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்ந்தது. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தாலும், நொடிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதிக்கும் தடைக்காலம் அதை நிறுத்திவைத்திருக்கும். சிறு தொகை கடன் கொடுத்தவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரே வழி அந்தப் படிவம்தான். அதை உரிய நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை அவரிடம் போய்ச் சொல்ல ஆளில்லை.

நம் பக்கத்தில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பார்கள். கடன்பட்டவன் கைவிரித்ததைச் சொல்லத் தமிழில் இப்படி ஒரு பேச்சு உண்டு. கடன் கொடுத்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பேச்சு ஒன்று நம்மிடம் இல்லை. அதை உண்டாக்குவது வழக்கறிஞர் வேலை என்றே நான் கருதுகிறேன். தமிழில் விளக்கக் குறிப்போடு கூடிய படிவம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஓர் உதவி மேசை, மறைமலை நகர் உதிரிபாகப் பட்டறைகளிலும் இங்குள்ள சிற்பக்கூடங்களிலும் ஒட்டப்படும் அறிவிப்பு: இந்த மூன்றையும் பற்றிய தீர்மான வரைவு நாளை மாலைக்குள் என் கைக்கு வர வேண்டும்.

முதல் அமர்வு உரிமைகோரல் சரிபார்ப்பு பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.