நோயாளரின் தட்டும் நமது பொறுமையும்

(நோயாளர் நாளன்று நமது ஆலயத்தில் ஆற்றிய உரை)



நுரையீரல் புற்றுநோய் கண்ட ஒருவர் மருந்து ஏற்றிக்கொள்ளும் நாட்களில், அவர் வீட்டில் எழும் சண்டை பெரும்பாலும் சோற்றைப் பற்றியதே. "சாப்பிட மாட்டேன் என்கிறாரே, சாமி" என்று மனைவி அழுகிறார். "சாப்பிடு, சாப்பிடு என்று வதைக்கிறார்கள், சாமி" என்று நோயாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இருவர் மேலும் குற்றமில்லை. நோயின் தன்மையை அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. ஆகவே அதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

பட்டினி கிடந்தவன் உணவு கிடைத்ததும் தேறிவிடுகிறான். புற்றுநோயால் வரும் மெலிவு அப்படிப்பட்டதன்று. கட்டியும், அதை எதிர்த்துப் போராடும் உடலும் அழற்சியை உண்டாக்கும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவை பசியை அடக்குகின்றன, தசையைக் கரைக்கின்றன. ஆகையால் உண்ட சோறும் உடம்பில் ஒட்டுவதில்லை. மருத்துவர்கள் இதைக் 'கக்கெக்சியா' என்பர். கிரேக்க மொழியில் 'கெட்ட நிலை' என்று பொருள். ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் தானாகக் குறைந்தால் அது இந்நிலையே என்று 2011-ல் பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. கண்ணுக்குத் தெரியுமுன்பே தராசு சொல்லிவிடும்.

இதன்மேல் மருந்தின் தொல்லையும் சேருகிறது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் கடும் குமட்டலை உண்டாக்கும். நாவில் இரும்புச் சுவை தட்டும், வாய் புண்ணாகும், தாளிக்கும் வாசனையே வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். இவற்றுள் பலவற்றுக்கு மருந்து உண்டு. "மருந்து ஏற்றினால் அப்படித்தான்" என்று பேசாதிருக்க வேண்டாம். மெலிந்தவர் சிகிச்சையின் கடுமையைத் தாங்குவது அரிது. அளவைக் குறைக்கவோ தவணையைத் தள்ளவோ நேரிடும்.

வீட்டார் செய்யத்தக்கவை சில. வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து, நோட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு வேளை சிறுகச் சிறுகக் கொடுங்கள். வெறுங்கஞ்சி போதாது; நன்கு வெந்த முட்டை, மீன், பருப்பு, பால் இவற்றில் முடிந்ததைச் சேருங்கள். ஆறிய உணவில் வாசனை குறையும். இரும்புச் சுவை உள்ளவருக்கு எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக்கரண்டி கொடுத்துப் பாருங்கள். இயன்றால் வாசல்வரை நடக்கட்டும். தசைக்கு அசைவும் தேவை. ஜப்பானில் 2021-ல் அனுமதி பெற்ற அனமோரெலின் என்னும் மருந்துகூடப் பசியையும் எடையையும் சற்றே கூட்டுகிறது. கைப்பிடியின் வலுவைக் கூட்டியதாக ஆய்வுகளில் காணவில்லை. ஆதலால் எடை ஏற்றும் டானிக் என்று விற்பதை மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள்.

தவக்காலத்தில் சில நோயாளர் ஒருசந்தி பிடிப்பதைக் காண்கிறோம். அந்தக் கடமை நோயாளருக்கு இல்லை. நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசமும் நோயாளரையும் அவரைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 919) கூறுகிறது. பசி வந்த நேரத்தில் மனச்சஞ்சலமின்றி உண்ணுங்கள்.

நோய் முற்றிய கட்டத்தில் எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாது. அப்போது வற்புறுத்தாமல் இருப்பது கைவிடுவது ஆகாது. வறண்ட உதட்டை நனைப்பதும், கேட்டதை ஒரு வாய் கொடுப்பதும், கையைப் பிடித்து அருகில் இருப்பதும் அன்னமிடுதலே.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளர் இல்லங்களுக்குச் செல்கிறார்கள். அவர்களுக்கும் நம் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: "ஐயோ, துரும்பாய்ப் போய்விட்டீர்களே!" என்று வாசலிலேயே சொல்லாதிருப்போம். சமைத்துக் களைத்த வீட்டம்மாளை ஒருவேளை அடுப்படியிலிருந்து விடுவித்து, அவர் தம் கணவர் அருகில் சற்று அமர்ந்திருக்க வழி செய்வோம்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!