கை சொற்கேளாத நோய்

வைகாசி மாதத்திலே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகியம்மன் கோயில்களில் சடங்கு நடைபெறும். தெய்வம் ஏறி ஆடுவோரைக் காண்பது எழுவான்கரையார்க்கும் படுவான்கரையார்க்கும் புதிதன்று. அதனாலேயே போலும், ஓர் இளம்பெண்ணின் கழுத்து திடீரென ஒரு புறமாகத் திரும்பி, எவ்வளவு முயன்றும் நேரே நில்லாதுவிடின், வீட்டார் முதலில் நாடுவது வைத்தியரை அன்று. நூல் கட்டுவர், மடை வைப்பர், கட்டாடியாரை அழைப்பர். சடங்கினால் மனம் ஆறுதல் பெறுமாயின் அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுவதுதான் துன்பம்.

இந்நோய்க்கு மேனாட்டு வைத்திய நூல்களில் டிஸ்டோனியா என்று பெயர். 1911ஆம் ஆண்டில் ஜெர்மனிய நரம்பியல் அறிஞர் ஹெர்மன் ஒப்பன்ஹைம் இட்ட பெயர் அது. தமிழில் தசை முறுக்கு நோய் எனலாம். நோய் தசையில் இல்லை. தசைக்குக் கட்டளையிடும் மூளையில் உள்ளது. வாவியிலே தோணி செலுத்தும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் கோலை ஊன்றித் தள்ளும்போது மற்றவர் கோலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே வேளையில் எதிரெதிராகத் தள்ளினால் தோணி முறுகித் திரும்புமேயன்றி முன்செல்லாது. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் அவ்வாறே ஒருங்கே இறுகுவதனால் உறுப்பு முறுகுகின்றது. சிலருக்குக் கழுத்து, சிலருக்குக் கண்ணிமை, சிலருக்குக் குரல், இன்னும் சிலருக்கு உடல் முழுவதும். அறிவு பெரும்பாலும் பழுதுறுவதில்லை. சுற்றியிருப்போர் பேசுவதெல்லாம் நோயாளிக்கு நன்றாகவே விளங்கும் என்பதனை மறந்துவிடலாகாது.

கூத்துக்கு மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் ஒருவருக்கு இது வந்ததாக வைத்துக்கொள்வோம். சோறு பிசையும்போதும் வேலி கட்டும்போதும் அவர் விரல்கள் செம்மையாகவே இயங்கும். மத்தளத்தில் கை வைத்த கணமே சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். எழுதுவினைஞருக்குப் பேனா பிடிக்கும்போது மட்டும் கை இறுகுவதும் இவ்வகையினதே. நித்திரையில் முறுக்கு தளர்ந்துவிடும். பலர் பார்க்கும்போது கூடும். கழுத்து திரும்பியவர் தாடையில் ஒரு விரலை வைத்தால் தலை சிறிது நேரம் நேராகும். இவற்றைக் கண்டே 'நடிப்பு' என்று ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் தாடையில் விரல் வைத்ததும் தலை நேராவது, நரம்பியல் வைத்தியர் நோயைத் துணிவதற்கு உதவும் அடையாளங்களுள் ஒன்றாகும்!

சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுமுன், கத்தியின்றியே தீரக்கூடியனவற்றை விலக்கிவிட வேண்டும். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் முதலிய மருந்துகளால் இளைஞருக்குச் சில வேளைகளில் கழுத்தும் நாவும் கண்ணும் முறுகும். உரிய ஊசி போட்டால் சிறிது நேரத்தில் அது தணியும். காலையில் ஓடி விளையாடி மாலையில் கால் முறுகும் பிள்ளைக்கு, சப்பானிய வைத்தியர் மசாயா செகாவா 1970களில் விளக்கிய நோய் இருக்கலாம். லெவோடோப்பா என்னும் மாத்திரை சிறிதளவிலேயே அப்பிள்ளையை நடக்க வைத்துவிடும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயும் உண்டு. மச்சான் மச்சாள் முறையில் மணம் செய்யும் குடும்பங்களில் அது வரும் வாய்ப்புக் கூடுதல். காலத்தோடு கண்டால் மருந்தினாற் கட்டுப்படும். காணத் தவறினால் ஈரலும் மூளையும் கெடும்.

இவை அல்லவெனத் தெளிந்தபின், ஓரிடத்தில் மட்டும் முறுக்கு உள்ளோர்க்குப் பொட்டுலினம் ஊசி போடப்படுகின்றது. அது இறுகிய தசையை ஏறக்குறைய மூன்று மாதம் தளர்த்தி வைக்கும். பின்னர் மீண்டும் போட வேண்டும். 1964இல் வலக்கை விரல்கள் சுருண்டு மேடையை இழந்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் பிளைஷர், முப்பது ஆண்டுகளின் பின் இவ்வூசியின் துணையுடன் இரு கைகளாலும் வாசித்தார்.

மருந்தும் ஊசியும் போதாதவர்க்கே சத்திரசிகிச்சை. 2017ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த ஒன்று பலராலும் பேசப்பட்டது. கிற்றார் வாசிக்கும் இளைஞர் ஒருவருக்கு இடக்கை விரல்கள் மூன்று வாசிக்கும்போது மட்டும் இறுகின. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தலாமசு என்னும் பகுதியில் குறித்த புள்ளியை வைத்தியர்கள் சிறிது சிறிதாகச் சுட்டனர். மூளைக்கு நோவு தெரியாதாகையால் நோயாளி விழித்தேயிருந்தார். சத்திரசிகிச்சை மேசையிற் படுத்தபடியே கிற்றாரை மீட்டினார். ஒவ்வொரு சூட்டின் பின்னும் விரல்கள் தளர்வதைத் தாமே கண்டார். கேட்போர்க்குக் கதை போலத் தோன்றும். ஆயினும் சுட்ட இடம் சுட்டதுதான். பின்னர் அதனை மீட்க இயலாது. 1950களில் நியூயோர்க்கில் இர்விங் கூப்பர் மூளைப் பகுதியை அழிக்கும் வழியைப் பெரிதும் கையாண்ட காலத்தில், இரு பக்கமும் அவ்வாறு செய்யப்பட்டவர்களிற் சிலர்க்குப் பேச்சுக் குழறியது.

இக்குறையை நீக்கியது மின்தூண்டல். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987இல் அலிம் லூயி பெனபிட் நடுக்க நோய்க்குத் தொடங்கிய முறை அது. 1990களின் பிற்பகுதியில் அதே நாட்டின் மொன்பெலியே நகரில் பிலிப் கூப் தசை முறுக்கு நோயுற்ற சிறாருக்கு அதனைப் பயன்படுத்தினார். குளோபஸ் பாலிடஸ் என்னும் ஆழ்பகுதியில் மெல்லிய கம்பிகளை இறக்கி, மார்பின் தோலுக்கடியில் வைத்த மின்கலப் பெட்டியுடன் இணைப்பர். சுடுவதில்லை; மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். உடல் முழுவதும் முறுக்குள்ள 22 பேரைப் பிரெஞ்சு வைத்தியர்கள் ஓராண்டு கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் கடுமை சராசரியாக ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பாதி என்பது சிறிதன்று. தானே உண்பதற்கும் பிறர் ஊட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் அடங்கலாம். பரம்பரை வகையினர்க்கும், மூட்டுகள் நிரந்தரமாக இறுகிப் போகுமுன் வந்தவர்க்கும் பயன் கூடுதல். பிறப்பின்போது மூளை பழுதுற்ற பிள்ளைகளுக்குப் பயன் குறைவு. அப்பெற்றோருக்கு அதனை முன்னரே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கழுத்து நரம்புகளைத் துண்டிக்கும் முறையும், முள்ளந்தண்டில் பக்லோஃபென் மருந்தைச் செலுத்தும் பம்பும் தக்கவர்க்கு உண்டு.

கம்பி வைத்த மறுநாளே உடல் நிமிர்ந்துவிடும் என எண்ணுதல் தவறு. முறுக்கு முழுதாகத் தளர மாதங்கள் செல்லும். அதுவரை மின்னோட்டத்தைச் சரிசெய்யப் பலமுறை நிபுணரிடம் போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலம் மாற்ற வேண்டும். கருவி திடீரென நின்றால் முறுக்கு கடுமையாகத் திரும்பலாம். கிருமித் தொற்றும், அரிதாக மூளையில் இரத்தக் கசிவும் நேரலாம். டயதேமி என்னும் வெப்பச் சிகிச்சையை அவர்கள் ஒருபோதும் பெறலாகாது. கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்க, படுவான்கரைக் குடும்பம் ஒன்று கருவியின் விலையை மட்டுமன்றி, அதன் பின்வரும் பயணங்களையும் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

முதற் பயணமோ அவ்வளவு தூரமன்று. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குச் சென்று, நரம்பியல் நிபுணரைக் காண வழி கேட்கலாம். உட்கொண்ட மருந்துகள் யாவற்றையும் உறையோடு எடுத்துச் செல்வது நன்று. அண்ணாவியாராயின் மத்தளத்தையும் கூடவே கொண்டு செல்லட்டும். வெறுங்கையைப் பார்க்கும் வைத்தியருக்கு அவர் நோய் தென்படாது.