சாலை ஏன் தோட்ட வாசலில் நின்றது?



ஒரு நாடு முன்னேறிவிட்டது என்பதை எதைக் கொண்டு அளப்பது? முன்பெல்லாம் நாட்டின் வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தார்கள். 1990ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டம் வேறோர் அளவுகோலை முன்வைத்தது. பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதை முன்னின்று உருவாக்கினார். அமர்த்தியா சென் துணை நின்றார். மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், எவ்வளவு கல்வி பெறுகிறார்கள், கௌரவமாக வாழ வருமானம் உண்டா என்ற மூன்றையும் சேர்த்து அளப்பதே மனித மேம்பாட்டுக் குறியீடு. அந்தப் பட்டியலில் மலேசியா இன்று மிக உயர்ந்த மேம்பாடு கண்ட நாடுகளின் வரிசையில் இருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் நாடு வாங்கிய மதிப்பெண் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா? இதற்கு மலாக்கா மாநிலத் தமிழர்களின் வாழ்க்கையே பதில் சொல்லும்.

இந்நாட்டின் ரப்பர் தோட்டத் தொழில் மலாக்காவில்தான் வேர்விட்டது. 1896இல் மலாக்கா சீன வணிகர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகப் பெருக, பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள்.

தோட்டம் என்பது தனி உலகம். வேலை கொடுத்தவரே லயத்து வீடும் கொடுத்தார். காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரெசர், கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை, கும்பிட மாரியம்மன் கோயில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் எப்படிப்பட்ட பள்ளி? கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் பாடம் சொன்ன கொட்டகைகளும் பள்ளி என்றே கணக்கில் சேர்ந்தன. படித்த பிள்ளை தோட்டத்தை விட்டுப் போய்விடும் என்று நினைத்த முதலாளி, பள்ளிக்கு எவ்வளவு செலவிடுவார்?

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுப்புற மேம்பாடு பெரும் வேகத்தில் நடந்தது. கம்பங்களுக்குத் தார்ச்சாலை, குழாய் நீர், மின்சாரம், மருந்தகம், மருத்துவச்சி எல்லாம் சென்றன. அந்தச் சாலை தோட்ட வாசல் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. காரணம், தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளவர்களுக்குச் செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று அரசு கருதியது. நிர்வாகமோ சட்டம் கேட்ட அளவோடு நிறுத்திக்கொண்டது. அம்மி தேய்ந்தாலும் குழவி தேய்ந்தாலும் நட்டம் அரைக்கிறவளுக்குத்தான். இந்த இருவருக்கும் நடுவில் தேய்ந்தது தொழிலாளியின் குடும்பம்.

ஜாசின் மாவட்டத்தின் கெமெண்டோர் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே ஃபெல்டா குடியேற்றமும் உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியும் உண்டு. 1956இல் தொடங்கிய ஃபெல்டா திட்டத்தில் குடியேறியவர்களும் ரப்பரையும் செம்பனையையும் நம்பித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வீடும் நிலமும் கடனாகக் கிடைத்தன; கடனை அடைத்தபின் அவை சொந்தமாயின. பள்ளியும் மருந்தகமும் அரசுப் பொறுப்பில் வந்தன. தோட்டத் தொழிலாளியோ மூன்று தலைமுறை உழைத்தும், வேலை முடிந்த நாளில் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். உழைப்பில் குறைவில்லை, பொதுச் சேவை எந்த வழியாக வந்தது என்பதில்தான் வேறுபாடு.

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். தோட்டப் பள்ளிகள் துரைமார் பொறுப்பில் இருந்தவரை கல்வி பின்தங்கியே கிடந்தது. 1970களில் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கிய பிறகே ஆசிரியர்களும் மேல்வகுப்புகளும் படிப்படியாக வந்தன.

இங்கே, குடியிருப்பு, நீர், மின்சாரம் பற்றிய குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்பாக்கியது. அது நல்ல சட்டம். ஆனால் அப்போது ரப்பர் விலகிச் செம்பனை வந்துகொண்டிருந்தது. தோட்டங்கள் கைமாறின, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். மலாக்காவின் தோட்டத் தமிழர்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் போன்ற பட்டணங்களை நோக்கி நகர்ந்தார்கள்.

பட்டணத்தில் எல்லாச் சேவையும் உண்டு. ஆனால் எந்த முகப்புக்குப் போனாலும் முதலில் கேட்பது அடையாள அட்டை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சிக்கல், மருத்துவமனையில் சிக்கல், வளர்ந்தால் வேலையில் சிக்கல். ஒரு தாளின் வலிமை இச்சமுதாயத்துக்குப் புதிதல்ல. குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் பிறந்த பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 2011இல் மைடஃப்தார் இயக்கம் வீடு தேடி வந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது என்றால், அதற்கிடையில் எத்தனை பேர் தாளின்றி வளர்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கேதான் சமுதாயத்தின் பங்கு வருகிறது. தோட்டத் துண்டாடல் மும்முரமாக நடந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சிறு சேமிப்பே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

மலாக்கா நகரிலேயே மற்றொரு சான்றும் உண்டு. சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து தங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. ஆலயம் இருந்ததால் வழிபாடு நிலைத்தது. ஆனால் வீட்டில் புழங்குவது மலாய்ப் பேச்சு. இது அவர்கள் குற்றமன்று. எதற்கு ஓர் அமைப்பு இருக்கிறதோ அதுவே தலைமுறை தாண்டி நிற்கும். தோட்டத் தமிழரிடம் தமிழ் நின்றதற்குக் காரணம், ஓட்டை ஒழுகலோடு இருந்தாலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்ததுதான்.

சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டியே இருக்கின்றன. மலாக்காவில் இருப்பவை 21. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்தால், ஒரு கட்டடம் எழுப்பவும் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி மட்டும் தீர்த்துவிட முடியாது. அரசுதான் நிலத்தை ஒதுக்க வேண்டும்.

ஆகவே, சமுதாயம் செய்ய வேண்டியதை அரசிடமும், அரசு செய்ய வேண்டியதைச் சமுதாயத்திடமும் தள்ளிவிடக் கூடாது. ஆசிரியர், கட்டடம், மருந்தகம், வீட்டுடைமைத் திட்டம் இவை அரசின் கடமை. நிலம் யாருடையது என்று பார்க்காமல், அங்கே யார் வாழ்கிறார் என்று பார்த்துச் செய்ய வேண்டும். கதவு தட்டிப் பிறப்புப் பதிவை விசாரிப்பது, ஐந்து வயதுப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்துவிடுவது, புகுமுக வகுப்பிலேயே படிப்பை விடும் பையனைத் தேடிப் பிடிப்பது, இனிப்புநீர் நோயாளியைச் சோதனைக்கு அழைத்துச் செல்வது இவை அக்கம்பக்கத்தாரால் மட்டுமே ஆகும்.

ஆலயங்களில் ஆண்டுதோறும் திருவிழாவுக்குக் குடும்ப வாரியாக வரி எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் எல்லா வீட்டின் பெயரும் இருக்கிறது. அதே நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, இவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் உண்டா, பள்ளிக்குப் போகிறார்களா என்று எழுதத் தொடங்கினால் போதும். செலவில்லாத வேலை; வருகிற திருவிழாவிலேயே தொடங்கலாம்.