பறக்கட்டும், பொறுப்போடு!



நம் செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளிக்க டிரோன் வந்துவிட்டது. நாளை அதை இயக்கப்போவது நம் பிள்ளைகள்தாம். ஆனால், "டிரோனா? வம்பு!" என்று ஊர் முகம் சுளிக்கிறதே, ஏன்? 2019 ஜூனில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தருகே யாரோ டிரோன் பறக்கவிட்டதால் ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமாயின. எவரோ செய்த காரியம், எல்லாருக்கும் கெட்ட பெயர்!

அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிடக் கூடாது என்கிறது மலேசியச் சட்டம். விமான நிலையப் பக்கம் அனுமதியின்றிப் போகவே கூடாது. தம்பி, தங்கைகளே! முதலில் இடத்தை விசாரியுங்கள். டிரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கட்டும். ஆட்கள் தலைக்கு மேலும், அடுத்த வீட்டு சன்னலோரமும் வேண்டாம்.

பெற்றோர்களே, பயந்துபோய்ப் பிடுங்கி வைக்காதீங்க. கூட நின்று பழக்குங்க. பிள்ளைகள் ஒழுங்காகப் பறக்கவிட்டால் கெட்ட பெயரும் மாறும். வானமும் நமக்குத் திறந்திருக்கும்.